ஒரு விக்கெட் வித்தியாசம்

பணம் வைக்காத, பார்வையாளர் இல்லாத, இரண்டே பேர் ஆடும் ஓர் ஆட்டத்தில் பொய் சொன்னால் அது யாருக்கு இழைத்த குற்றம்? இந்தக் கேள்வி எனக்குத் தத்துவப் புத்தகத்திலிருந்து வரவில்லை. கோச்சடையில் பக்கத்து வீட்டுத் திண்ணையில், ஒரு பகடை உருண்டு பெஞ்சுக்கடியில் போனதிலிருந்து வந்தது.

ஆட்டத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் ஹால் ரிச்மன் என்பவர் 1961இல் விற்க ஆரம்பித்த பேஸ்பால் ஆட்டம் ஒன்று உண்டு, ஸ்ட்ராட்-ஓ-மாட்டிக் என்று பெயர். நிஜ ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. ஒரு பருவம் முழுக்க அவர் செய்தது அந்த அட்டையில் எண்களாக இறங்கியிருக்கும். மூன்று பகடைகள். முதல் பகடையில் 1, 2, 3 விழுந்தால் மட்டைக்காரரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பந்தெறிபவரின் அட்டையை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்கு நேரே நடந்தது என்ன என்று எழுதியிருக்கும். பாதி விதி இவன் கையில், பாதி அவன் கையில்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தபால் குமாஸ்தா. மருமகன் விட்டுச்சென்ற அந்தப் பெட்டியைப் பார்த்து, தமிழ்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு இரண்டு வருஷம் உட்கார்ந்து கிரிக்கெட் அட்டைகள் தயாரித்தார். பள்ளிக்கூடத்துப் புத்தகக் கிரிக்கெட் போதாதா என்று கேட்டேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். இடது பக்க எண் எப்போதும் இரட்டைப்படை. பூஜ்யம் அவுட், எட்டுக்கு ரன் இல்லை என்று வைத்தால் ஐந்து இலக்கங்களில் 12 ரன், ஒரு விக்கெட். ஆகவே யார் ஆடினாலும் சராசரி 12. டெஸ்டில் வெங்கட்ராகவனின் சராசரி 11.68. "புஸ்தகத்துல எல்லாரும் வெங்கட்ராகவன்தான், தம்பி. ஸ்ரீகாந்த் ஸ்ரீகாந்தா இருக்க வேணாமா?"

ஆளுக்குப் பதினான்கு அட்டை பிரித்துக்கொண்டோம். களத்தில் இறங்குவது பதினொன்று. மூன்று பேரை உட்காரவைக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் தர்மசங்கடம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பகடைக்கு முகதாட்சண்யம் இல்லை. பட்டியல் எழுதுகிறவனுக்கு உண்டு. தோற்றவனுக்காவது ஓர் எண் மிஞ்சுகிறது, உட்கார்ந்தவனுக்கு அதுவும் இல்லை.

பெரியவரின் பட்டியலில் முதல் பெயர் எப்போதும் வி.வி. குமார். முதல்தர ஆட்டங்களில் 599 விக்கெட் எடுத்த லெக் ஸ்பின்னர். இந்தியாவுக்கு ஆடியது இரண்டே டெஸ்ட், இரண்டும் அதே 1961இல். டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக முதல் இன்னிங்ஸிலேயே 64 ரன்னுக்கு 5 விக்கெட். பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக ஒன்றுமில்லை. அதோடு சரி. அமெரிக்க லீக்குகள் பலவற்றில் ஒரு விதி உண்டு: நிஜத்தில் ஒருவர் எவ்வளவு ஆடினாரோ அதற்குமேல் அவர் அட்டையை ஆடவிடக் கூடாது. நியாயமான விதியாகத்தான் தெரிகிறது. ஆனால் அன்றைக்குத் தேர்வாளர்கள் செய்ததைச் சட்டமாக எழுதிவைப்பதும் அதுதான். பெரியவர் அதை ஏற்கவில்லை. குமாரின் அட்டையை டெஸ்ட் கணக்கில் எழுதாமல் முதல்தரக் கணக்கில் எழுதினார், இஷ்டப்பட்ட அளவு பந்துவீச விட்டார்.

அன்று மாலை குமார் என் ஸ்ரீகாந்துக்கு வீசிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய மூன்று ஆட்டங்களில் குமாருக்கு விக்கெட்டே விழவில்லை. பெரியவர் வாய்விட்டு ஒன்றும் சொல்லாவிட்டாலும், அவர் டம்ளரில் காப்பி ஆறிப்போயிருந்தது. மூன்றாவது பகடை பெஞ்சுக்கடியில் ஓடியது. நான்தான் குனிந்தேன். இரண்டு. நாலு என்று சொன்னேன். நாலு என்றால் ஸ்ரீகாந்த் அவுட்.

சகுனியை இங்கே இழுக்க வேண்டாம். அவனுக்கு ஒரு ராஜ்யம் வேண்டியிருந்தது. எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. நான் பொய் சொன்னது என் அணிக்கே எதிராக. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடம் பெறும் என்கிற 292ஆம் குறளும் கைவசம் இருந்தது. இருந்தும் அன்றிரவு தூக்கம் சரியாக வரவில்லை.

ராபர்ட் கூவர் 1968இல் எழுதிய நாவலில் ஹென்றி வா என்று ஒரு கணக்கர் வருகிறார். இரவெல்லாம் தனியாகப் பகடை உருட்டி, தன் கற்பனையில் ஒரு பேஸ்பால் லீக்கையே நடத்துகிறவர். அவருக்குப் பிரியமான இளம் ஆட்டக்காரனைப் பகடை கொன்றுவிடுகிறது. பிறகு அவர் தன் கையாலேயே பகடையைத் திருப்பிவைத்து, பந்தெறிந்து அவனைக் கொன்றவனைச் சாகடிக்கிறார். அது பழி, நான் செய்தது கருணை என்று சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கை ஒன்றுதான். பகடையைத் திருப்பிய கணத்தில் அவருக்கு எதிரே ஆட்டக்காரன் யாரும் இல்லை, அவருடைய ஆசை மட்டும்தான் இருந்தது. நானும் குமாருக்கு விக்கெட் தரவில்லை. குமாரை அப்புறப்படுத்திவிட்டு அந்த இடத்தில் என் இரக்கத்தை உட்காரவைத்தேன்.

இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்கள் ஐம்பது பேர் இருக்கலாம். அதில் பாதிப்பேர் எனக்கு நண்பர்கள். ஒரு நண்பரின் முதல் தொகுப்புக்கு நான் மதிப்புரை எழுதியிருக்கிறேன். இரண்டு என்று விழுந்ததை நாலு என்று எழுதிய மதிப்புரை. யாரும் கவனிக்காத ஒரு கவிஞனைப் படிக்கச் சொல்வது அவனைக் களத்தில் இறக்குவது. அதை இன்னும் அதிகமாகச் செய்ய வேண்டும். அவன் எழுதாத கவிதையை அவனுக்காக நான் மதிப்புரையில் எழுதிவிடுவது வேறு. நண்பர் அடுத்த தொகுப்பு கொண்டுவரவில்லை. நான் எழுதியதை அவர் நம்பினாரா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஒருநாள் பெரியவரிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன்: குமாருக்கு இத்தனை ஓவர் கொடுக்கிறீர்களே, அதுவும் ஒருவிதச் சலுகைதானே? "எறக்கி விடலாம், தம்பி. அவனுக்காக நாம ஆடக் கூடாது." அவ்வளவுதான் சொன்னார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பருவம் முடிந்து, நோட்டை என்னிடம் கொடுத்துக் கூட்டல் சரிபார்க்கச் சொன்னார். பேங்க்காரன் என்பதால் அந்த வேலை எனக்கு. எங்கள் கிளையில் இப்போது எல்லாவற்றையும் கணினி கூட்டிவிடுகிறது. ஆனாலும் வித்தியாசம் வந்தால் விடாமல் தேடுகிற பழக்கம் போகவில்லை. ஆட்டவாரியான தாள்களில் குமாரின் விக்கெட்டுகளை எண்ணினேன். 39. கடைசிப் பக்கத்துப் பட்டியலில், அடித்தல் திருத்தல் இல்லாத அவருடைய தபாலாபீஸ் எழுத்தில், 38 என்று இருந்தது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.