நேற்றைய பெலத்தில் இன்றைய ஓட்டமா?

தியானப் பகுதி: எபிரெயர் 12:1-3, நியாயாதிபதிகள் 16:20



இந்த மாதம் என்னைப் பற்றியே ஒரு காரியத்தைச் சொல்லித் தொடங்க வேண்டியிருக்கிறது. "நம்ம பாஸ்டர் காலையில கிரவுண்டுல ஓடுறாராமே, போட்டிக்கெல்லாம் போறாராமே" என்று சபையில் பேச்சு நடக்கிறது எனக்குத் தெரியும். நம்முடைய சபையின் மூத்த தாயார் ஒருவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். "ஐயா, கோபிச்சுக்கக் கூடாது. பிரசங்கபீடத்துல நிக்கிறவங்க டவுசர் போட்டுக்கிட்டு ஓடலாமா? சரீரப் பயிற்சியால கொஞ்சம்தான் லாபம்னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதலியா?"

அம்மா சொன்னது சத்தியம்தான் (1 தீமோ. 4:8). ஆனால் கொஞ்சம் லாபம் என்றுதான் பவுல் எழுதினார், லாபமே இல்லை என்று எழுதவில்லை. அதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது பந்தயச் சாலையைக் காட்டிப் போதிக்கிறார் (1 கொரி. 9:24-27). அந்தக் கொரிந்து பட்டணத்துக்குப் பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. ஜெயித்தவனுக்குக் கிடைத்தது பைன் இலையில் கட்டிய ஒரு கிரீடம், சில நாளில் வாடிப்போகும். அதற்கே அவ்வளவு அடக்கமும் பயிற்சியும் என்றால், வாடாத கிரீடத்துக்கு ஓடுகிற நாம் எப்படி ஓட வேண்டும் என்பதே அப்போஸ்தலனுடைய கேள்வி.

நான் ஓடத் தொடங்கியதற்குக் காரணம் ஆவிக்குரியது அல்ல. 2023-ல் எனக்குச் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னார். பகல் முழுவதும் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறேன், மாலையில் வீடு சந்திக்கப் போகிற இடமெல்லாம் டீயும் முறுக்கும். ஜெபித்தேன். டாக்டரிடமும் போனேன். இதில் அவிசுவாசம் ஒன்றுமில்லை, பவுலோடு கூடவே பிரியமான வைத்தியன் லூக்கா இருந்தார். இருதயத்தைப் பரிசோதித்துவிட்டு, "நடங்க, ஓடக்கூடச் செய்யலாம், மெதுவா ஆரம்பிங்க" என்றார் டாக்டர். அந்த "மெதுவா" என்ற வார்த்தை என் காதில் விழவே இல்லை. ஏனென்றால் 22 வயதில் நான் கல்லூரிக்காக 800 மீட்டர் ஓடியவன். 2 நிமிடம் 9 வினாடியில் முடித்தவன். அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை.

2024-ல் எங்கள் மாவட்டத்தில் மூத்தோர் தடகளப் போட்டி என்று கேள்விப்பட்டுப் பேர் கொடுத்தேன். அப்போது எனக்கு 45 வயது. ஆட்கள் குறைவாக இருந்ததால் 45-க்கு மேற்பட்ட எல்லா வயதுக்காரரையும் ஒரே ஓட்டமாக நிறுத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் 61 வயது ஆள் ஒருவர், பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர், நெற்றியில் திருநீறு, காலில் பழைய கேன்வாஸ் ஷூ. "இவரெல்லாம் எதுக்கு வந்தாரு" என்று மனதுக்குள் நினைத்தேன். ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

துப்பாக்கி வெடித்தது. பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று பாய்ந்து போனேன். 72 வினாடியில் முதல் சுற்றை முடித்தேன், நான்தான் முதல் ஆள். கைதட்டல் கேட்டது. 500 மீட்டரில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. மூச்சு உள்ளே போகவில்லை. 600 மீட்டர் கோட்டுக்குப் பக்கத்தில் சீரான காலடிச் சத்தம் ஒன்று பின்னால் வந்தது. அந்த ஓட்டுநர் ஐயா! என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போனார். நான் நடந்தும் ஓடியும் கடைசி ஆளாக 3 நிமிடம் 21 வினாடியில் வந்து புல்லில் விழுந்தேன்.

அவர் ஒரு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "தம்பி, தப்பா நினைக்காதீங்க. நீங்க இன்னைக்கு ஓடல. இருபது வருஷத்துக்கு முந்தி ஓடின ஓட்டத்தை இன்னைக்கு ஓடப் பார்த்தீங்க. கால் இன்னைக்குள்ள கால்தானே?"

மீதியானின் ஆசாரியனாகிய எத்திரோ சொன்ன புத்தியை மோசே கேட்டு நடந்தான் (யாத். 18). இந்த மனுஷன் வாயிலிருந்து எனக்கும் ஒரு புத்தி வந்தது. ஆனால் அதன் ஆழம் அன்று ராத்திரிதான் விளங்கியது.

வீட்டில் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே மறுநாள் பிரசங்கத்தை யோசித்தேன். "2006-ல நாங்க 21 நாள் உபவாசம் இருந்தோமே, அந்தச் சாட்சியைச் சொல்லப்போறேன்" என்றேன். என் மூத்த மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அதை நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே சொன்னீங்க. ஒவ்வொரு வருஷமும் சொல்றீங்க. இந்த வருஷம் ஆண்டவர் உங்ககிட்ட என்ன பேசினாரு?"

என்னிடம் பதில் இல்லை, தேவ ஜனமே! விடியற்காலை ஜெபம் நின்று எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன், எண்ணக் கூச்சமாக இருந்தது. பழைய நோட்டைப் புரட்டித்தான் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தேன். மைதானத்தில் ஒரு நாள் செய்ததை, பிரசங்கபீடத்தில் பல வருஷமாகச் செய்துகொண்டிருந்தேன்.

1. முன்போல எழும்பிய சிம்சோன்

சிம்சோனுடைய சரித்திரத்திலே என்னை நடுங்க வைக்கிற இடம் அவன் கண் பிடுங்கப்பட்ட இடம் அல்ல. அதற்கு முந்தின வசனம். தலைமயிர் போய்விட்டது. ஆனாலும் மற்ற நாட்களில் செய்ததுபோலவே எழும்பி உதறிக்கொள்ளலாம் என்று நினைத்தான். கர்த்தர் தன்னைவிட்டு விலகினது அவனுக்குத் தெரியவில்லை. பழக்கம் இருந்தது, பெலன் இல்லை!

நேற்றைய மன்னாவை வைத்துக்கொண்டவன் பாத்திரத்தில் காலையில் புழுதான் இருந்தது (யாத். 16:20). பலிபீடத்து அக்கினி அவியாமல் இருக்கவேண்டுமானால் ஆசாரியன் காலைதோறும் புது விறகு போட வேண்டும் (லேவி. 6:12). முந்தாநாள் போட்ட விறகைப் பற்றிச் சாட்சி சொன்னால் அக்கினி எரியாது.

சரீரமும் இதையே சொல்லுகிறது. 30 வயதுக்கு மேல் உடற்பயிற்சி இல்லாத மனுஷனுடைய சரீரம் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் பத்து வருஷத்துக்கு ஏறக்குறைய 10 சதவீதம் குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்லுகிறார்கள். விடாமல் கடினமாகப் பயிற்சி செய்கிறவனுக்கு அந்த இழப்பு ஏறக்குறைய பாதியாகிறதாம். வயது எல்லாருக்கும் ஏறும். ஆனால் "ஒரு காலத்துல நான் பெரிய ஓட்டக்காரன்" என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் இருப்பவனுக்கு அந்தப் பழைய கப் ஒரு மூச்சுக்கும் உதவாது.

2. வயதுக்கேற்ற கிருபை

இந்த மூத்தோர் தடகளத்தின் சட்டங்களைப் படித்தபோது எனக்கு வேதபாடம் படிப்பதுபோல இருந்தது. 1975-ல் கனடாவின் டொரண்டோவில் இதற்கு முதல் உலகப் போட்டி நடந்தது. இன்று 35 வயது முதல் ஐந்தைந்து வருஷமாகப் பிரிவுகள் உண்டு. 45 வயதுக்காரன் 70 வயதுக்காரரோடு ஒரே ஓட்டத்தில் ஓடினாலும், பரிசு அவரவர் பிரிவுக்குத்தான்.

குண்டு எறிதலைப் பாருங்கள். ஆண்களுக்கு 49 வயது வரை 7.26 கிலோ. 50-ல் அது 6 கிலோ ஆகிறது. 60-ல் 5 கிலோ, 70-ல் 4 கிலோ, 80-க்கு மேல் 3 கிலோ. ஓட்டத்தில் குனிந்து தொடங்க முடியாதவர் நின்றபடியே தொடங்கலாம். பாரம் குறைகிறது. ஆனால் 80 வயதுக்காரருக்கும் குண்டு உண்டு! "நீங்க வேடிக்கை பாருங்க தாத்தா" என்று அவரைப் படிக்கட்டில் உட்கார வைப்பதில்லை.

எண்ணாகமம் 8-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். லேவியன் 50 வயதானவுடன் கூடாரத்தின் பாரமான வேலையை விட்டு ஓய வேண்டும். அதோடு அவனை வீட்டுக்கு அனுப்பினாரா? இல்லை. காவல் காக்கிற தன் சகோதரருக்கு அவன் உதவியாக நிற்க வேண்டும் (எண். 8:25,26). 50 வயதில் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்று நம்முடைய தேவனுக்கு மோசேயின் நாளிலேயே தெரிந்திருந்தது. அல்லேலூயா!

இன்னொன்று. மைதானத்தில் ஒருவர், "எனக்கு வர்ற மாசம் அம்பது ஆகுது, ஜாலி!" என்றார். ஏன் என்று கேட்டேன். "புதுப் பிரிவுல நான்தான் சின்னப் பையன்!" என்று சிரித்தார். நாம் தலைநரையை எண்ணிக் கலங்குகிறோம். அவருக்கு அது புதிய தொடக்கமாக இருக்கிறது.

3. பிந்தித் தொடங்கினாலும்

"எனக்கு வயசாயிடுச்சே பாஸ்டர், இனிமே என்ன" என்று சொல்லுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பஞ்சாபில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஃபௌஜா சிங் என்ற சீக்கியப் பெரியவர், 1994-ல் மகனை இழந்த துக்கத்துக்குப் பின் ஓட்டத்தில் ஆறுதல் தேடினார். 89-வது வயதில், 2000-ல், லண்டனில் முதல் மாரத்தான் ஓடினார். 2011-ல் 100 வயதில் டொரண்டோவில் 42 கிலோமீட்டரை 8 மணி நேரத்துக்குச் சற்று அதிகமாக எடுத்து முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் புத்தகம் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2025 ஜூலையில் சொந்த ஊரில் ஒரு சாலை விபத்தில் மரித்தார். சண்டிகரைச் சேர்ந்த மான் கௌர் அம்மாள் 93 வயதில்தான் ஓடத் தொடங்கினார். 2017-ல் 101 வயதில் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 100 மீட்டரை 74 வினாடியில் ஓடினார்.

கனடாவில் எட் விட்லாக் என்று ஒருவர். 70 வயதைத் தாண்டியபின் மாரத்தானை மூன்று மணி நேரத்துக்குள் ஓடிய முதல் மனுஷன் அவர்தான். 2004-ல் 73-வது வயதில் 2 மணி 54 நிமிடத்தில் முடித்தார். அவர் எங்கே பயிற்சி செய்தார் தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்திலிருந்த கல்லறைத் தோட்டத்தில்! கல்லறைகளைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்காக ஓடுவாராம். சிலர் உயிரோடிருக்கும்போதே கல்லறையில் போய்ப் படுத்துக்கொள்ளுகிறார்கள். இவரோ கல்லறை நடுவே ஓடினார்.

அழிந்துபோகும் மெடலுக்கு இவ்வளவு. நமக்கோ காலேப் இருக்கிறார். 85 வயதில் யோசுவாவிடம் போய் நின்று, சமவெளியில் ஒரு தோட்டம் கேட்கவில்லை. ஏனாக்கியர் குடியிருந்த மலையைக் கேட்டார் (யோசுவா 14:10-12). 45 வருஷத்துக்கு முன் கிடைத்த வாக்குத்தத்தத்தை அவர் பழங்கதையாகப் பேசவில்லை, அந்த நாளிலே ஏற வேண்டிய மலையாகப் பார்த்தார்.

4. இளைப்பாறுதலும் ஓட்டத்தில் ஒரு பங்கு

போட்டிக்குப் பின் அந்த ஓட்டுநர் ஐயாவிடமே போய்ப் பழகினேன். வாரத்தில் நாலு நாள் ஓட்டம், மற்ற நாள் நடை மட்டும். "ரெஸ்ட்டும் பயிற்சிதான் தம்பி. இந்த வயசுல உடம்பு ஆறுறதுக்கு நாளாகும்" என்பார்.

எலியாவை நினைத்துக்கொண்டேன். கர்த்தருடைய கை அவன்மேல் இருந்தபோது ஆகாபின் இரதத்துக்கு முன்னே யெஸ்ரயேல் மட்டும் ஓடினான் (1 இராஜா. 18:46). அடுத்த அதிகாரத்திலே அதே எலியா சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்கிறான். தேவதூதன் வந்து அவனைத் திட்டினானா? "நேற்று அப்படி ஓடினாயே" என்று குத்திக் காட்டினானா? இல்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்க விட்டான். மறுபடியும் எழுப்பிக் கொடுத்தான், ஏனென்றால் பிரயாணம் தூரமானது. நேற்றைய ஓட்டம் நேற்றோடு முடிந்தது. நாளைய தூரத்துக்கு இன்றைய அப்பம் வேண்டும்.

அப்படியே நானும் தொடங்கினேன். மைதானத்தில் முதல் மாதம் நடை மட்டும். ஜெப அறையில் முதல் மாதம் 15 நிமிடம் மட்டும். முன்பு மூன்று மணி நேரம் ஜெபித்தவனுக்கு 15 நிமிடம் என்பது வெட்கமாகத்தான் இருந்தது. முதல் வாரம் வாயில் வார்த்தை வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. ஆனால் அது இன்றைய கண்ணீர். கூட்டிக் கூட்டி இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஆண்டவர் கொண்டுவந்திருக்கிறார்.

2025-ல் மறுபடி அதே போட்டி. எல்லாரும் பாய்ந்தபோது நான் பின்னால் நின்றேன். முதல் சுற்று 84 வினாடி, இரண்டாம் சுற்று 83. நான்காவது இடம், மெடல் இல்லை. என் மகள் கோட்டருகே நின்று, "அப்பா, இந்தத் தடவை கடைசி வரைக்கும் ஓடினீங்க" என்றாள். எனக்கு அது போதும்.

பிரியமானவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். ஞானஸ்நானம் எடுத்த வருஷத்தைச் சொல்லுகிறீர்கள், அபிஷேகம் பெற்ற கூட்டத்தைச் சொல்லுகிறீர்கள். நல்லது, மறக்க வேண்டாம். ஆனால் இன்று காலை ஆண்டவர் உங்களோடு பேசினாரா? முழங்கால் மடக்க முடியாத தாயாரே, நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபியுங்கள். பாரத்தைக் குறைத்துத் தருகிறவர் அவர். பின்வாங்கிப்போன வாலிபனே, தகப்பனே, பழைய வேகத்தை எண்ணித் தயங்காதே. நாளைக் காலை 15 நிமிடத்தில் தொடங்கு. வாசிக்கிற இந்த இடத்திலேயே என்னோடு ஜெபிப்பீர்களா?

"அன்பின் பரம தகப்பனே, நேற்றைய சாட்சியில் சாய்ந்து படுத்துவிட்டோம், மன்னியும். எங்கள் வயதும் எங்கள் பெலவீனமும் உமக்குத் தெரியும். இன்றைய ஓட்டத்துக்கு இன்றைய பெலனைத் தாரும். எல்லைக் கோட்டில் எங்களுக்காகக் காத்திருக்கும் இயேசுவையே நோக்கிக் கடைசி வரை ஓடச் செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் நல்ல பிதாவே. ஆமென்."

பின்குறிப்பு: டவுசர் பற்றிக் கேட்ட தாயார் இப்போது மாலையில் ஆலய வளாகத்தைச் சுற்றி ஐந்து சுற்று நடக்கிறார். ஒரு சுற்றுக்கு ஒரு குடும்பம் என்று நமக்காக ஜெபித்துக்கொண்டே நடக்கிறார். கர்த்தருக்கே மகிமை!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபை ஊழியன்