தேய்மானமும் பழுதும்

பழைய பொருள் ஒன்று நம் கைக்கு வந்து சேரும்போது, அதைப் பிறந்த நாளின் கோலத்துக்கே திருப்பிவிட வேண்டுமா, அல்லது அது வாழ்ந்து கடந்த வயதோடு ஏற்றுக்கொண்டு, அதன் உழைப்புக்கு இடையூறாக இருப்பதை மட்டும் நீக்கித் தந்தால் போதுமா என்ற கேள்வி, கைத்தொழிலைச் சேர்ந்த கேள்வி மாத்திரம் அன்று என்பது என் அபிப்பிராயம். வீட்டுப் பின்கட்டில் ஒரு பழைய புல்லட் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டு, அதைத் திரும்ப ஓடவைக்கும் பிரயாசையில் மாலைப் பொழுதுகளைக் கழித்து வரும் எனக்கு, இந்தக் கேள்வி ஒவ்வோர் உறுப்பைக் கையில் எடுக்கும்போதும் புதிதாக எழுகிறது.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரமே அக்கேள்விக்கு ஒரு பாதி விடையாக எனக்குத் தோன்றுவதுண்டு. இங்கிலாந்தில் ஊசித் தொழிலுக்குப் பேர்போன ரெட்டிச் என்ற ஊரில், ஊசி செய்த ஒரு தொழிற்சாலையிலிருந்து கிளைத்துச் சைக்கிளுக்கும், பின்னர் மோட்டார் சைக்கிளுக்கும் வளர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், புல்லட் என்ற பெயரை 1932-இல் முதன்முதலாக வழங்கியது. இன்று நாம் அறியும் புல்லட்டோ 1949-இல் விற்பனைக்கு வந்தது. இந்திய ராணுவம் அதை விரும்பி வாங்கியதன் பயனாக, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கில நிறுவனமும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை அமைத்தன. ரெட்டிச்சிலிருந்து வந்த பாகங்கள் சென்னையை அடுத்த திருவொற்றியூரில் பூட்டப்பட்டன. பிறகு பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட, 1970-ஓடு இங்கிலாந்தில் அந்த வம்சமே முடிந்துபோயிற்று. திருவொற்றியூரிலோ அதே வண்டியை விடாமல் செய்துகொண்டிருந்தார்கள். 1977-இல் அது பிறந்த நாட்டுக்கே கப்பலேறி விற்பனைக்குப் போயிற்று. பிறந்த இடத்தில் கைவிடப்பட்ட ஒரு பொருளை இங்கே பிழைக்க வைத்தது காட்சிசாலைப் பாதுகாப்பு அன்று; பால்காரரும் போலீஸ்காரரும் ராணுவ வீரரும் அதை அன்றாடம் உபயோகித்து வந்ததுதான்.

உபயோகிப்பவனே பிரித்துப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையோடு செய்யப்பட்ட யந்திரம் இது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட ஒரே சிலிண்டர், 346 சி.சி. கொள்ளளவு, அவசரம் அறியாத சுபாவம். சிலிண்டரின் அடியில், வலப்பக்கத்தில், ஒரு சிறு மூடியைக் கழற்றினால் இரண்டு புஷ்ராடுகளின் கால்கள் தெரியும். என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது, இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அடிநட்டைத் தளர்த்தி, திருகைக் கூட்டியோ குறைத்தோ, விரல் நுனிகளால் அந்தக் கம்பியை உருட்டிப் பார்க்க வேண்டும்: தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஒரு மயிரிழையும் ஆடக் கூடாது. இதற்கு அளவுத் தகடு எதுவும் வேண்டாம், விரலே அளவுகோல். சரியான இடம் அகப்பட்டு, அது நழுவாமல் நட்டை இறுக்கி முடிக்கும் அந்தச் சில நிமிஷங்களில் மனம் வேறெங்கும் போவதில்லை; நான் தியானம் என்று பயின்ற எதிலும் இத்தகைய ஒருமுகம் எனக்கு எளிதாகக் கைகூடியதில்லை.

இவ்வளவு சிரத்தையோடு செய்யும் வேலையை முழுதும் புதிதாக்கிவிடுவதோடுதான் முடிக்க வேண்டுமென்று நினைப்பது இயல்பு. ஆனால் புதுப்பித்தலுக்கு ஒரு விலை உண்டு. தேய்ந்த சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கொடுத்து உட்சுவரைக் கடைந்து ‘போர்’ செய்தால், அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு அகலமான பிஸ்டன் அதில் அமரும். அடுத்த முறை 40, அதற்கடுத்து 60. அதற்கு மேல் சுவர் இடம் கொடாது, உள்ளே ஸ்லீவ் இறக்க வேண்டியதுதான். ஒவ்வொரு புதுப்பித்தலும் இனிமேல் புதுப்பிக்கக்கூடிய வாய்ப்பில் ஒன்றைச் செலவழித்துவிடுகிறது. ஆகவே, சுவரில் கோடு விழுந்து புகை கக்கும் சிலிண்டரைப் போர் செய்வது கடமை. அளவுக்குள் இருப்பதை, பளபளப்பு வேண்டும் என்பதற்காகத் தொடுவது விரயம்.

இதைப் பட்டறையில் காண்பதற்கு முன்பே நாம் கோயில்களில் கண்டிருக்கிறோம். பழைய கோயிலைப் புதுப்பிக்கும் ஜீர்ணோத்தாரணம் என்ற புண்ணிய காரியத்தின் பெயரால், காற்றழுத்தத்தில் மணலை வீசித் தூண்களையும் சிற்பங்களையும் கழுவியபோது, எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்பும் போயின. கூடவே சிற்பியின் உளி வைத்த கூர்மையும், கல்வெட்டின் எழுத்தும் மழுங்கின. என் வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும் அதே மணல் வீச்சைத்தான் பட்டறைக்காரர் சிபாரிசு செய்தார். சட்டத்தின் துருவுக்கு அது தகும் என்று சம்மதித்தேன்; அலுமினிய உறைகளுக்கு மட்டும் மண்ணெண்ணெயும் தூரிகையும் போதும் என்று வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். மெல்லிய வார்ப்பில் ஆலைக்காரன் பதித்த எண்ணும் எழுத்தும் கல்வெட்டுக்குச் சமானம் என்று எண்ணுகிறவன் நான்.

பழுது வேறு, தேய்மானம் வேறு. நைந்த ஒயர், வெடித்த டயர், பிடிப்பு இழந்த பிரேக் லைனிங் இவையெல்லாம் பழுது. இவற்றிடம் தாட்சண்யம் காட்டுவது ஓட்டுகிறவனுக்கும் வீதியில் நடப்பவனுக்கும் செய்யும் துரோகம். இடப்பக்கத்து பிரேக் மிதியைப் பாருங்கள்: அதன் வரிகள் வெளியோரத்தில் மாத்திரம் வழுவழுவென்று ஆகியிருக்கின்றன. எனக்கு முன்னே இதை ஓட்டியவர் பாதத்தைச் சற்றே வெளிப்புறம் சாய்த்து வைத்து மிதிக்கும் வழக்கமுடையவராக இருந்திருக்க வேண்டும். நான் அறியாத ஒரு மனிதரின் நடையுடை பாவனையை இந்த இரும்பு இன்னும் வைத்திருக்கிறது. புதுப்பேட்டையில் புதிய மிதி சொற்ப விலைக்குக் கிடைக்கும். வாங்க எனக்கு மனமில்லை.

அறுபதைத் தாண்டியவன் என்ற முறையில் இந்தப் பாகுபாடு எனக்கு என்னைப் பற்றியதும் ஆகும். கண்ணில் புரை விழுந்தபோது தயங்காமல் சிகிச்சை செய்துகொண்டேன். நரைக்குச் சாயம் பூசிக்கொள்ளத் தோன்றவில்லை. மூப்பு முழுவதையும் நோயாகக் கருதி அதனோடு போரிடுகிறவர்கள், போரிலேயே மிச்சமுள்ள வயதைச் செலவழித்துவிடுவதை நான் மிகுந்த துயரத்தோடு பார்த்திருக்கிறேன்.

என் நண்பர் ஒருவர், பழைய வண்டிகளைக் கண்காட்சிக்கென்றே மெருகேற்றுவதில் நிபுணர், இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொள்வதில்லை. கடற்காற்று வீசும் சென்னையில் வெறும் இரும்பு வெறும் இரும்பாகவே நிற்காது, இன்று நீ தேய்மானம் என்று போற்றுவது நாளை துருவாகித் தகட்டையே தின்னும் என்கிறார். அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பெட்ரோல் டேங்கின் விஷயத்தில் அதை மறுக்க என்னால் இயலவில்லை. டேங்கின் உட்புறத் துருவை அமிலமிட்டுப் போக்கியாயிற்று. வெளியே, முழங்கால் ரப்பருக்கு மேல், ஓட்டியவரின் தொடை உரசி உரசிப் பச்சை வர்ணம் போய்த் தகடு தெரியும் ஓர் உள்ளங்கை அகலம் இருக்கிறது. பொன்கோடுகள் கையால் இழுக்கப்பட்டவை. அவை இன்னும் அழியவில்லை. முழுவதையும் சுரண்டிப் புது வர்ணம் அடித்தால் அவையும் போகும். அந்த இடத்துக்கு மாத்திரம் நிறமற்ற வார்னிஷ் பூசச் சொல்லியிருக்கிறேன். அது நீண்ட நாள் தாங்காது என்று பெயின்டர் எச்சரித்தார். தாங்காதபோது மறுபடி கொண்டுவருகிறேன் என்று சொல்லி, டேங்கை அவரிடம் விட்டுவிட்டு, கார்புரேட்டருக்கு ஜெட் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனேன்.