சபையும் லயமும்

ஊராட்சிச் சபைகளை ஒன்றிணைத்தால் செலவு குறையும், பணி சிறக்கும் என்பது ஆட்சியாளர் பலருக்கும் பிடித்த வாதம். சிறு சபைக்கு வருவாய் இல்லை. குப்பை அள்ள டிராக்டர் இல்லை. நான்கைச் சேர்த்தால் எல்லாம் கிட்டுமாம். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் கண்டிச் சீமையின் கலஹாவில் நின்று பார்க்கும் நமக்கு அதற்கு முந்திய வினா ஒன்று எழுகிறது. ஒன்றிணைக்கப்படுவோர் யார்?

இலங்கையில் இது நடந்து முடிந்த கதை. 1981இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான சபைகள் இருந்த இடத்தில் 24 மாவட்ட அபிவிருத்திச் சபைகள்! அவையும் நிலைக்கவில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டம் பிரதேச சபைகளைப் படைத்தது. 1991இல் முதல் தேர்தல் நடந்தது. கலஹா பாத்தஹேவாஹெட்ட பிரதேச சபைக்குள் அடங்கியது.

தன் ஊரிலேயே இருந்த சபையைக் கிராமத்தான் இழந்தான். தோட்டத் தொழிலாளிக்கோ இழப்பதற்கே எதுவும் இருக்கவில்லை. 1937இல் கிராமச் சபைச் சட்டம் திருத்தப்பட்டபோதே லயத்தில் வாழ்ந்தவனுக்கு வாக்கு மறுக்கப்பட்டது. சிறிய சபையெல்லாம் மக்கள் சபை என்று உருகும் நண்பர்கள் இதனை மறந்துவிடலாகாது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையையும் பறித்தது. நெடுங்காலத்தின் பின் குடியுரிமை மீண்டது, வாக்கும் வந்தது. அவ்வாக்கால் அமைந்த பிரதேச சபையோ, சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துப் பாதைக்கும் குழாய்க்கும் தன் நிதியைச் செலவிட இயலாது என்றது.

தோட்டம் பிறர் உடைமையாம்! கலஹாவுக்கு அண்மையில், லூல்கந்துரவில், ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் மட்டுமே மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. பொதுமக்களின் நிலத்தில் வாழ்வோருக்குப் பொதுப்பணம் ஆகாதென்பது எந்த நியாயம்? தலைக்கு இவ்வளவு செலவு என்று சிக்கனம் பேசுவோர், எண்ணாது விட்ட தலைகளுக்கு என்ன கணக்குச் சொல்வர்?

2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்கும் வழி திறந்தது. அவ்வாண்டுத் தேர்தலுக்கு முன்பே நுவரெலியா, அம்பகமுவ சபைகள் மும்மூன்றாகப் பிரிக்கப்பட்டன. கண்டி மாவட்டத் தோட்டங்களுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. 2023இல் சபைகளின் காலம் முடிந்தது. ஈராண்டுக்கு மேல் அதிகாரிகளே ஆண்டனர். 2025 மே மாதம் புதிய உறுப்பினர்கள் தெரிவாயினர்.

இனிச் சபையின் வரவு செலவுத் திட்டம் வெளிவரும்போது, கலஹாப் பகுதி ஆசிரியரும் மாணவரும் அதனைக் கேட்டு வாங்கி, தத்தம் தோட்டத்தின் பெயர் எந்தப் பக்கத்தில், எவ்வளவு தொகைக்கு நேரே இருக்கிறதென்று தேடிப் பார்க்க வேண்டும்.