வெட்டியும் கொடையும்

சுங்குவார்சத்திரம் பக்கத்துச் சேரியில் ஒரு தம்பி இருக்கான். ஐ.டி.ஐ. படிச்சவன். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து, தூங்காமல் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுறான். லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றுவது எப்படி, பழைய மெஷினில் போடுவது எப்படி, பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று படிப்படியாகத் தமிழில். காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கலாம், அச்சடிக்கலாம், திருத்தலாம். எம்.ஏ. தமிழ் படிச்சவள் என்பதால் பிழை பார்க்க என்னைக் கூப்பிட்டான்.

வாசலில் உட்கார்ந்திருந்த அவன் ஆயா கேட்டாள்: "எவன்டா இதுக்குக் கூலி குடுக்கறான்? உங்க தாத்தன் செஞ்ச வெட்டி பத்தலியா?"

அவன் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை.

நகரத்துக்காரங்களுக்கு வெட்டி என்றால் வேலையில்லாமல் சுத்துறது. ஆயாவுக்கு அப்படி இல்லை. சாவுச் சேதி கொண்டு ஓடுவது, செத்த மாட்டை இழுப்பது, கூப்பிட்ட நேரத்துக்குப் பறை அடிப்பது. மறுத்தால் அடி. களத்து மேட்டில் கையேந்தி நின்றால் கொஞ்சம் நெல் விழும். அதுவும் கூலி இல்லை, தயவு. இப்படித் தலைமுறை தலைமுறையா உழைப்பைப் பிடுங்கக் கொடுத்த சனத்தைப் பார்த்து, 'சேவையா உழை, அது உயர்ந்த குணம்' என்று யார் சொன்னாலும் சந்தேகப்படத்தான் வேணும்.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள், சங்க உரிமைக்காக சாம்சங் தொழிலாளிகள் இதே ரோட்டோரம் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. அந்தக் கம்பெனியின் டிவிக்குள்ளே ஓடுகிற டைசன், லினக்ஸ் கெர்னல் மேலே கட்டினது. ஊர் கூடிச் செஞ்சது முதலாளி பெட்டிக்குள்ளும் போய் உட்காருது. கெர்னல் நிரலை இன்றைக்குப் பெரும்பாலும் சம்பளம் வாங்குகிற இன்ஜினியர்கள்தான் எழுதுறாங்க. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சனங்களுக்கு விளங்க எழுதுறவனுக்கோ நன்றி மட்டும். நிரல் எழுதுவது மேல், விளக்கம் எழுதுவது கீழ். இந்த ஏணி எங்கேயோ பார்த்ததாட்டம் இல்லையா?

அப்போ தம்பி செய்யறது வெட்டிதானா? பல நாள் இது என்னை அரிச்சது.

தொழிற்சாலையில் அவனை இன்னொண்ணும் எழுதச் சொல்றாங்க. கைசன் சீட்டு. வேலையைச் சுருக்க யோசனை எழுதிப் பெட்டியில் போடணும். அவன் எழுதின யோசனைக்கு ஒரு சர்டிபிகேட்டும் டிபன் டப்பாவும் கிடைச்சது. அடுத்த மாசம் அந்த லைனில் ரெண்டு பேரைக் குறைச்சாங்க. எழுதினது அவன், அந்தச் சீட்டு இப்போ அவனுடையது இல்லை. வெட்டி இதுதான். கூலி வந்ததா இல்லையா என்பது இல்லை, மறுக்க முடியுமா என்பதும், குடுத்த பொருள் மேலே உனக்குப் பிறகு பாத்தியதை உண்டா என்பதும்தான் கேள்வி. ஸ்டால்மன் 1989இல் கொண்டுவந்த ஜிபிஎல் உரிமத்தில் ஒரு நிபந்தனை: எடுத்தவன் அதை மாற்றி வெளியே கொடுத்தால், மாற்றினதையும் அதே மாதிரி திறந்து வைக்கணும். லினக்ஸ் 1992 முதல் அந்த உரிமத்தில்தான் இருக்கு. சாம்சங்கும் அதுக்குக் கட்டுப்பட்டதுதான். நம்மகிட்ட வெட்டி வாங்கின எந்த மிராசுதான் திருப்பிக் குடுத்தான்?

ஆனால் திறந்து வைத்தால் போதுமா? பொதுக் குளங்களை எல்லாருக்கும் திறக்கச் சொல்லி பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாடு நகராட்சி 1924இல் ஏற்றுக்கொண்டது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் சனங்களோடு இறங்கித் தண்ணியை அள்ளிக் குடிக்கிற வரைக்கும் குளம் காகிதத்தில்தான் திறந்திருந்தது. 2011இல் அரசு பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச லேப்டாப்பில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருந்தது. எங்க தெருவில் ஒருத்தரும் அதைத் தொடலை. படியில இறங்கச் சொல்லித்தர ஆள் இல்லை. தம்பி எழுதுவது அந்தப் படி. 2012இல் தொடங்கின கணியம் இதழும், 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' எழுதின நித்யாவும் ஏற்கனவே இந்த வேலையில இறங்கினவங்கதான்.

படியிலேயே வழுக்கி விழவும் வாய்ப்பிருக்கு, அதுக்குக் காரணம் என்னை மாதிரி ஆளுங்க. நான் 'கடவுச்சொல்', 'கோப்புறை' என்று திருத்தி வச்சேன். "பாஸ்வேர்டுனே போடுங்கக்கா, ஆயாவே அப்படித்தான் சொல்லுது" என்றான். வடமொழி போனால் சாதி போயிடும் என்று நம்பின தமிழ்த் துறையில் படிச்சவள் நான். அழிச்சுட்டேன். 'கோப்புறை'க்கு மட்டும் சண்டை போட்டுப் பார்த்தேன், அதிலும் தோற்றேன்.

நேரம் யாரிடம் இருக்கு என்பது பெரிய கேள்வி. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்பு வந்ததும் மே நாளில் திரும்பப் பெற்றாங்க. அது நின்றிருந்தால் தம்பியின் பக்கங்கள் எழுதப்பட்டிருக்காது. வயிறு நிறைஞ்சவன் நேரத்தைக் குடுக்கறதும், தூக்கத்தை வெட்டி இவன் குடுக்கறதும் ஒரே 'தன்னார்வம்' ஆகுமா? எனக்கு அந்தச் சொல்லே கூசுது.

ஒரு கோபமும் இருந்தது. சங்கக் கூட்டத்துக்கு வர நேரமில்லை என்கிறவன் இதுக்கு மட்டும் கண் முழிக்கிறானே. கேட்டேவிட்டேன்.

"போன மாசம் சங்க நோட்டீஸை எதுலக்கா அடிச்சோம்?" என்றான். "இந்த மெஷின்லதான். லினக்ஸ்லதான். தப்பும் தவறுமா அடிச்சிருந்தாங்க, நான்தான் சரி பண்ணேன்."