யார் பார்க்க இந்தப் பந்தல்?

தீபாவளி கழிந்து வரும் வளர்பிறை ஏகாதசியை டெல்லிக்காரர்கள் தேவ உத்தானி என்பார்கள். நாலு மாதம் தூங்கிய விஷ்ணு அன்றைக்குக் கண் விழிக்கிறார் என்று நம்பிக்கை. அவர் விழித்ததும் முதலில் மாட்டிக்கொள்வது புசா ரோட்டில் வீடு திரும்புகிறவர்கள்தான். ராஜேந்திரா பிளேஸ் தொடங்கி கரோல் பாக் வரை மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஒரு பராத் போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். குதிரை மேல் மாப்பிள்ளை, முன்னால் டோல், இரண்டு பக்கமும் தலையில் விளக்குக் குடையைச் சுமந்து வரும் கூலியாட்கள், கடைசியில் புகை கக்கிக்கொண்டு ஜெனரேட்டர் வண்டி. அந்த இரவில் ஹால், பூ, பேண்டு, குதிரை எல்லாவற்றுக்கும் சொன்னதுதான் விலை.

அதே ஹாலில் ஆவணி மாதம் போய்க் கேட்டுப் பாருங்கள். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு டீ சொல்லிவிடுவார். விஷ்ணு தூங்கும் சாதுர்மாஸ்யத்தில் இந்த ஊர் பஞ்சாபி, பனியா வீடுகளில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. நமக்கோ ஆடி போனால் ஆவணி, நல்ல முகூர்த்த மாதம். பங்குனியிலும் இதே கதைதான்: சூரியன் மீனத்தில் இருக்கும் அந்த ஒரு மாதம் அவர்களுக்கு கர்மாஸ், ஆகாது. நமக்குப் பங்குனி உத்திரம். மார்கழி இரண்டு பேருக்குமே ஆகாத மாதம். டெல்லியில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தமிழனுக்குப் பஞ்சாங்கம் தானாகவே தள்ளுபடி கொடுக்கிறது. கல்யாண பட்ஜெட் பற்றி யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆச்சரியம் என்னவென்றால் பலர் இதை எடுத்துக்கொள்வதில்லை. “ஆவணியில் வைத்தால் ஆபீஸ்காரர்கள் சீசன் இல்லாத நேரத்தில் மலிவாக முடித்துவிட்டான் என்று நினைப்பார்கள்” என்றார் ஒரு நண்பர். அவர் பெண்ணுக்கு நவம்பரில்தான் கல்யாணம் நடந்தது. செலவைக் குறைக்க வழி தெரியாதவர் இல்லை அவர். குறைத்தது யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் அவர் கவலை.

பிரான்சிஸ் ப்ளாக், விஜயேந்திர ராவ், சோனால்டே தேசாய் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கர்நாடகத்துக் குயவர் குடும்பங்களின் கல்யாணச் செலவுதான் பொருள். மாப்பிள்ளை உள்ளூர்க்காரர் என்றால் அவர் எப்படிப்பட்டவர், சொத்து என்ன என்று ஊருக்கே தெரியும். பந்தல் போட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. வசதியான இடத்தில், வெளியூரில் பெண் கொடுத்தால்தான் விருந்து பெரிதாகிறது, “நாங்கள் செய்துகொண்ட சம்பந்தம் இப்படிப்பட்டது” என்று ஊருக்குத் தெரிய வேண்டுமே! இதைப் படித்தபோது எனக்குக் குயவர் தெருவைவிட கரோல் பாக்தான் நினைவுக்கு வந்தது. இங்கே எல்லோருமே வெளியூர். 1947-க்குப் பிறகு மேற்குப் பஞ்சாபிலிருந்து அகதியாக வந்தவர்கள், செக்ரடேரியட் குமாஸ்தா வேலைக்கு வந்த தமிழர்கள். பூர்விகம் என்ன, தாத்தா யார் என்று பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாத ஊரில் பந்தல்தான் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

டெல்லித் தமிழனுக்கு இதில் இரட்டைச் செலவு. ஊரில் கல்யாணம், டெல்லியில் ரிசப்ஷன். ஊருக்கு, “டெல்லிக்குப் போய் நன்றாகத்தான் இருக்கிறான்” என்று காட்ட ஒன்று. டெல்லிக்கு, “இவர்களுக்கும் ஊர், உறவு எல்லாம் உண்டு” என்று காட்ட இன்னொன்று. நடுவில் இரண்டு பெட்டி நிறைய ஆட்களை ரயிலில் ஏற்றி இறக்க வேண்டும். முன்பு 120 நாளைக்கு முன்பே டிக்கெட் எடுத்து நிம்மதியாக இருந்தோம். 2024 நவம்பர் முதல் அது 60 நாள்தான்; அதற்குள் யார் வருகிறார்கள் என்று முடிவாகாவிட்டால் விமானம், அதற்கு ஒரு தனி பட்ஜெட்.

எவ்வளவு செலவழித்தால் மரியாதை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? 2024 கடைசியில் அகில இந்திய வணிகர் கூட்டமைப்பு ஒரு கணக்குச் சொன்னது: அந்த சீசனில் நாடு முழுக்க 48 லட்சம் கல்யாணம், 5.9 லட்சம் கோடி ரூபாய் வியாபாரம். பிரித்தும் காட்டினார்கள். 10 லட்சம் கல்யாணம் தலா 3 லட்சத்தில், 10 லட்சம் 6 லட்சத்தில், இன்னொரு 10 லட்சம் 10 லட்சத்தில், அப்படியே 15, 25, 50 என்று ஏறி, 50,000 கல்யாணம் ஒரு கோடியும் அதற்கு மேலும். கூட்டிப் பார்த்தேன், கச்சிதமாக வருகிறது. கல்யாண வீட்டுக் கணக்கு எதுவும் இவ்வளவு முழு எண்ணில் வந்து நான் பார்த்ததில்லை! விற்கிறவர்கள் போடும் மதிப்பீடு அது. பத்திரிகையில் வந்த பிறகு நமக்கு அளவுகோல் ஆகிவிடுகிறது: “நம்மால் 15-லாவது நிற்க முடியாதா?”

உண்மையான கணக்கு தட்டில் இருக்கிறது. டெல்லி ஹால்களில் தலைக்கு இவ்வளவு என்று ரேட். 300 பேருக்கு மினிமம் கேரண்டி கொடுத்துவிட்டால் 220 பேர் வந்தாலும் 300 தட்டுக்குப் பணம். 340 பேர் வந்தால் மிச்சம் 40-க்குத் தனி பில். சாப்பாடு ஆரம்பிக்கும் முன் அடுக்கிய தட்டுகளை எண்ணி எழுதுவார்கள். விவரம் தெரிந்த பெண் வீட்டார் ஒரு சித்தப்பாவை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சாட் தின்ற தட்டை வைத்துவிட்டுப் புதுத் தட்டு எடுக்கிற ஒவ்வொருவரும் இரண்டு தலை. நம் சமையல் கான்ட்ராக்டரிடம் முப்பது இலை கூடிப்போனால் ரசத்தில் இரண்டு செம்பு வெந்நீர் ஏறும், விஷயம் முடிந்தது. தட்டில் அந்த விளையாட்டு நடக்காது. ஒரு தட்டு 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேரைக் குறைத்தால் 1,80,000. பூக்காரரிடமும் போட்டோக்காரரிடமும் மூன்று மாதம் பேரம் பேசினாலும் அவ்வளவு தேறாது. (நகைக் கணக்குக்குள் நான் போகவில்லை. பேங்க் ஸ்ட்ரீட் கடையில் உட்கார்ந்து, செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் கொடுத்துவிட்டு, “இது செலவு இல்லை, சேமிப்பு” என்று சொல்ல எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.)

எல்லோரையும் உட்கார்ந்து பட்டியல் எழுத வைத்தது 2016 நவம்பர். செல்லாத நோட்டு அறிவிப்புக்குப் பிறகு, கல்யாண வீட்டுக்கு மட்டும் கணக்கிலிருந்து இரண்டரை லட்சம் ரொக்கம் எடுக்க அனுமதி கொடுத்தார்கள். பத்திரிகை வேண்டும், ஹால் அட்வான்ஸ் ரசீது வேண்டும், யார் யாருக்குப் பணமாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்ற பட்டியல் வேண்டும், அவர்களுக்கு பேங்க் கணக்கு இல்லை என்ற உறுதிமொழி வேண்டும். அந்த நிபந்தனைகள் அநியாயம்தான். பெண்ணைப் பெற்றவர்களை வரிசையில் நிற்க வைத்ததை நான் மெச்ச மாட்டேன். ஆனால் நவம்பர் 8-க்கு முன்னால் தவிர்க்கவே முடியாது என்று நினைத்த பாதி அயிட்டங்கள் அந்தப் பட்டியலில் வராமல் போயின, கல்யாணங்களும் நடந்தன. சட்டம் போட்டுக் குறைக்க நினைத்தவை நகரவில்லை. 5 லட்சத்துக்கு மேல் செலவழித்தால் 10 சதவீதத்தை ஏழைப் பெண்களின் கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று எம்.பி. ரஞ்சீத் ரஞ்சன் கொண்டுவந்த தனிநபர் மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை.

ஊரில் கூட்டத்துக்கு ஒரு நியாயம் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள். பல குடும்பம் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே கறிச்சோறு, ஆளுக்கொரு மொய் நோட்டு. அங்கே வருகிறவர் ஒவ்வொருவரும் வரவு. எத்தனை வருஷம் கழித்து எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது நோட்டில் இருக்கிறது. டெல்லி ரிசப்ஷனில் ஒரு ரூபாய் ஒட்டிய கவரில் 501 ஷகுன் வைத்துக் கொடுத்துவிட்டு 1,800 ரூபாய் தட்டில் சாப்பிட்டுப் போகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லை, நாளைக்கு நாமும் அப்படித்தான் போவோம். ஆனால் மொய் நோட்டை நம்பி அழைக்கும் அளவுக்கு ஆட்களை இங்கே அழைப்பதில் அர்த்தமில்லை.

என் மகளுக்கு ஆவணியில் தேதி பார்த்தபோது அழைப்புக்கு ஒரு விதி வைத்தேன்: கல்யாணப் பத்திரிகையைப் பார்க்காமல் மகள் பெயரைச் சொல்லத் தெரிந்தவர்கள் மட்டும். பட்டியல் பாதியாகச் சரிந்தது. என் ஆபீஸில் ஒரு பிரிவு முழுக்கவே போய்விட்டது.

“அப்படியானால் துவாரகா மாமி?” என்றாள் என் மனைவி. என் அப்பா போன அன்று, ஜனவரிப் பனியில், ஆட்டோ பிடித்து முதல் ஆளாக வந்து அடுப்படியில் நின்று எல்லோருக்கும் காபி போட்டவர். மகள் பெயர் அவருக்குத் தெரியாது. இன்னும் “பாப்பா” என்றுதான் கேட்பார். அவரைப் போல இன்னும் சிலர், நம் வீட்டுச் சாவுக்கு வந்தவர்கள். மகளின் சிநேகிதர்கள் யாரும் அவர்களை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள். இவர்களை அழைப்பது யாருக்கும் எதையும் காட்டுவதற்கு இல்லை என்பதால் என் விதி இங்கே இடித்தது. விதியை விட்டுவிட்டேன், பெயர்களைச் சேர்த்துக்கொண்டோம். அந்தத் தட்டுகளுக்காக மேடைப் பூவைப் பாதியாகக் குறைத்தாயிற்று, டிஜே வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். டிஜே விஷயத்தில் சம்பந்தி வீட்டுப் பையன்கள்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. வேண்டுமென்றால் அவர்களே பணம் கட்டட்டும் என்று சொல்லியிருக்கிறோம்.