நான் போலியா?

தொட்டியத்தில் காவிரியின் வடகரையோரமாக நடந்து செல்பவர் கண்ணில் முதலில் படுபவை வாழைத் தோட்டங்களே. தார் தள்ளிய வாழை தன் சுமையாலேயே ஒரு பக்கம் சாயும். பெருங்காற்று வீசினால் இடையில் முறிந்துபோகும். ஆகவே உழவர் கம்பு நட்டு அதற்கு முட்டுக் கொடுக்கிறார். அப்படி நிற்கும் வாழையைப் பார்த்து, 'இது உண்மையான வாழையன்று, கம்பின் தயவில் நிற்கும் போலி' என்று எவரும் சொல்வதில்லை. அது காய்த்திருக்கிறது என்பதற்கே அந்த முட்டு ஓர் அடையாளம்.

ஆனால் இத்தகைய தோட்டங்களின் வருவாயில் படித்து, சென்னைக்கோ பெங்களூருக்கோ மென்பொருள் எழுதும் வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுள் பலர், தங்களைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

ஓர் இளைஞனை எண்ணிப் பார்ப்போம். தமிழ்வழிப் பள்ளியில் படித்தவன். திருச்சியில் பொறியியல் கற்றவன். தேர்வெழுதி வேலை பெற்றவன். முதல் நாளிலிருந்தே அவன் உள்ளத்தில் ஒரு குரல் கேட்கிறது: 'உன்னைத் தவறுதலாக எடுத்துவிட்டார்கள். என்றாவது ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்.' கூட்டத்தில் புரியாத சொல் ஒன்று வந்தால், புரிந்ததுபோல் தலையசைக்கிறான். இரவில் யாரும் அறியாமல் அதைத் தேடிப் படிக்கிறான். யாரேனும் பாராட்டினால், அது அதிர்ஷ்டம் என்கிறான். பிழை நேர்ந்தாலோ, அதுவே தன் உண்மை முகம் என்கிறான். வெற்றியெல்லாம் தற்செயல், தோல்வியெல்லாம் தன் இயல்பு. இப்படியொரு கணக்கை எழுதுபவன் எவ்வளவு ஈட்டினாலும் கடனாளியாகவே இருப்பான்.

இவ்வுணர்வுக்குப் பெயர் சூட்டியவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள். உயர்கல்வியிலும் தொழிலிலும் சிறந்து விளங்கிய நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்களோடு பழகிக் கண்டதை அவர்கள் 1978-இல் எழுதினார்கள். பட்டங்களும் பரிசுகளும் பெற்றிருந்தும், தாங்கள் பிறரை ஏமாற்றிக்கொண்டிருப்பதாகவே அப்பெண்கள் நம்பினார்கள். பிற்கால ஆய்வுகள் ஆண்களிடமும் இதைக் கண்டன. இதை ஒரு நோய் என்று அவர்கள் சொல்லவில்லை; ஓர் அனுபவம் என்றே குறித்தார்கள். உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் இதற்குத் தனி இடம் இல்லை.

மென்பொருள் தொழிலில் இது ஏன் இவ்வளவு எளிதாக வேர்விடுகிறது? அத்தொழிலின் இயல்பே அப்படி. தச்சர் ஒரு நாற்காலியைச் செய்து முடித்தால் அது நிற்கும். நிரல் எழுதுபவரோ பெரும்பாலும் ஓடாத ஒன்றையே நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிழையைத் தேடுவதே அவருடைய அன்றாட வேலை. அவர் எழுதும் பத்து வரிகளுக்கு அடியில், வேறு யாரோ எழுதிய பல்லாயிரம் வரிகள் கிடக்கின்றன. முழுவதையும் அறிந்தவர் உலகில் ஒருவரும் இல்லை. கற்ற கருவியோ சில ஆண்டுகளில் பழையதாகிவிடுகிறது. 2022-க்குப் பின் நிரலையும் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பரவலாகவே, 'இயந்திரமே எழுதினால் நான் செய்தது என்ன?' என்ற புதிய ஐயமும் சேர்ந்துகொண்டது. தெரியாமை அங்கே தனிமனிதரின் குறையன்று. அத்தொழில் நடைபெறும் நிலமே அதுதான். ஆயினும் ஒவ்வொருவரும் தம் தெரியாமையை மறைப்பதால், தாம் மட்டுமே அறியாதவர் என்று ஒவ்வொருவரும் எண்ணுகிறார்.

இங்கேதான் அறம் சார்ந்த கேள்வி எழுகிறது. தன்னைச் சிறியவனாக எண்ணுவது பணிவு அல்லவா? தற்பெருமையைக் கண்டிக்கவே பழகிய நமக்கு, 'எனக்குத் தகுதியில்லை' என்று ஒருவன் சொல்வது நற்குணமாகவே தோன்றும். ஆனால் பணிவு என்பது உண்மையில் நிற்பது என்று அவிலா நகர்த் தெரேசா கற்பித்தார். உள்ளதைக் கூட்டிச் சொல்வது பொய்யென்றால், குறைத்துச் சொல்வதும் பொய்தான்.

தொட்டியத்திலிருந்து மேற்கே செல்லும் சாலை நாமக்கல்லை அடைகிறது. கணிதமேதை இராமானுஜனின் குடும்பம் வழிபட்ட நாமகிரித் தாயார் கோயில் அங்கே இருக்கிறது. கல்லூரித் தேர்வில் தோற்றவர் அவர். 1913-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹார்டிக்கு எழுதிய மடலில், தமக்குப் பல்கலைக்கழகக் கல்வி இல்லை என்பதை மறைக்காமல் தொடக்கத்திலேயே சொன்னார். தம் கண்டுபிடிப்புகள் அத்தாயாரின் அருளால் வந்தவை என்றும் கூறினார். அவருடைய நம்பிக்கை வேறு, நம்முடையது வேறு. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம் திறமை தம்மிடம் தோன்றியதன்று என்று சொன்ன அவர், தம் தேற்றங்களைப் போலி என்று சொல்லவில்லை. 'இது எனக்குக் கொடுக்கப்பட்டது' என்பது பணிவு. 'இது நான் திருடியது' என்பது பொய். இரண்டும் ஒரே குரலில் பேசுவதால் நாம் ஏமாறுகிறோம்.

அதே இராமானுஜன், நோயும் தனிமையும் போர்க்காலக் குளிரும் வாட்டிய 1918-இன் தொடக்கத்தில், இலண்டனில் ஓடும் இரயிலின் முன் வீழ்ந்து உயிர்விட முயன்றார். வண்டி உரிய நேரத்தில் நிறுத்தப்பட்டதால் பிழைத்தார். அவ்வாண்டு மே மாதத்திலேயே இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். திறமை மனநலத்துக்குக் காப்பு அன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

உள்ளத்தில் உறுத்தும் குரல் அனைத்தும் பொய் என்று சொல்வதற்கில்லை. இல்லாத அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுதி வேலை பெற்றவருக்கு நெஞ்சு உறுத்துமானால், அது மனச்சான்று. அதற்குச் செவிகொடுக்கத்தான் வேண்டும். இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: 'நான் யாரிடம், என்ன பொய் சொன்னேன்?' மனச்சான்று இதற்குத் தெளிவாக விடை சொல்லும். விடை சொல்ல இயலாமல் 'நீ போலி' என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லும் குரல் மனச்சான்றன்று, அது அச்சம். அச்சம் என்ன செய்யும் என்பதைத் தாலந்து உவமையில் நாம் அறிவோம். மூன்றாம் பணியாளன் திருடவில்லை, அஞ்சிப் புதைத்தான். வேடிக்கை என்னவென்றால், போலி என்று கண்டுபிடிக்கப்படுவோமோ என அஞ்சித் தலையசைக்கும் இளைஞன், அந்தத் தலையசைப்பில்தான் முதன்முறையாக உண்மையாகவே நடிக்கத் தொடங்குகிறான்.

ஆகவே இதற்கு மருந்து புகழ்ச்சியன்று, வெளிப்படையே. 1522-இல் மன்ரேசாவில் ஐயுறவால் அலைக்கழிக்கப்பட்டு உயிரையே மாய்த்துக்கொள்ளத் தூண்டப்பட்ட இஞ்ஞாசியார், சோதனை எப்போதும் மறைவையே விரும்பும் என்றும், தக்கவரிடம் வாய்திறந்து சொன்ன அளவிலேயே அது வலுவிழக்கும் என்றும் பின்னர் எழுதினார். 'எனக்கு இது தெரியவில்லை, சொல்லிக்கொடுங்கள்' என்று மூத்தவர் ஒருவர் கூட்டத்தில் சொல்லும்போது, சுற்றியிருக்கும் பத்து இளையோர் மூச்சுவிடுகிறார்கள்.

எனினும் எல்லாவற்றையும் பேசித் தீர்த்துவிடலாம் என்றும் எண்ணக்கூடாது. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கம் கெட்டு, உணவு கசந்து, எதிலும் நாட்டமின்றி, உயிரே பாரம் என்று ஒருவர் உணர்ந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவர் வேண்டும். 'செபித்தால் சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்பிவிடுவது அன்பன்று. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவித் தொலைபேசியை 14416 என்னும் எண்ணில், இரவும் பகலும், தமிழிலேயே அழைக்கலாம்.

பெற்றோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. மகன் ஊருக்கு வந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் பற்றியது. அடுத்தது வெளிநாடு பற்றியது. கோயில் வாசலில் நிறுத்தி, 'பெரிய நிறுவனத்தில் இருக்கிறான்' என்று ஊராரிடம் அறிமுகம் செய்கிறோம். அந்தப் பெருமிதத்தின் முன்னால், 'எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா' என்று அவன் எப்படிச் சொல்வான்? ஆள்குறைப்பையும் தரவரிசையையும் காட்டி அச்சுறுத்தி வேலை வாங்கும் நிறுவனங்களும், அச்சத்தைத் தனிமனிதரின் பலவீனம் என்று தள்ளிவிட இயலாது. காற்று பலமாக வீசும் இடத்தில், வாழையைக் குறைசொல்லிப் பயன் என்ன?

அடுத்த முறை பிள்ளை ஊருக்கு வரும்போது தோட்டத்துக்கு அழைத்துச் செல்வோம். சம்பளத்தைக் கேட்காமல், 'உனக்கு அங்கே என்ன தெரியவில்லை?' என்று கேட்போம். நமக்குத் தெரியாதவற்றையும், நம்மைத் தாங்கி நின்றவர்களையும் முதலில் நாமே சொல்வோம். சாய்ந்து நிற்கும் வாழைக்கு முட்டுக் கொடுக்கத் தெரிந்த கைகளுக்கு இதுவும் கைவரும்.