மனசாட்சிக்கு எந்த அரசு காவல்?

1842ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் பெர்னார்ட் பெர்மோலி என்ற கத்தோலிக்கக் குருவானவர், இறந்துபோன ஒருவரின் உடலைத் தன் கோயிலில் வைத்து அடக்கச் சடங்கு நடத்தினார். நகராட்சி அவருக்கு 50 டாலர் அபராதம் போட்டது. கத்தோலிக்கர்களின் உடல்களை ஒரு குறிப்பிட்ட சிற்றாலயத்துக்கு மட்டுமே கொண்டுபோக வேண்டும் என்பது அங்கே உத்தரவு. சுகாதாரம்தான் காரணம் என்றார்கள். ஆனால் பேராலயத்தின் நிர்வாகக் குழுவுக்கும் ஆயருக்கும் அப்போது நடந்துகொண்டிருந்த சண்டை ஊருக்கே தெரியும். அரசமைப்புச் சட்டம் கைவிடாது என்று நம்பிக் குருவானவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1845இல் தீர்ப்பு வந்தது: மாநிலக் குடிமக்களின் மத சுதந்திரத்தைக் காக்க அமெரிக்க அரசமைப்பில் ஏற்பாடு எதுவும் இல்லை, அது அந்தந்த மாநிலத்தின் பாடு.

மத சுதந்திரத்தின் தாய்வீடு என்று பேர் வாங்கிய நாட்டில், அரசமைப்பு பிறந்து அரை நூற்றாண்டு கழித்து வந்த தீர்ப்பு இது. சட்டப்படி அதில் பிழையும் இல்லை. மத சுதந்திரத்தைப் பேசும் முதல் திருத்தம் கைகட்டி வைத்தது காங்கிரஸ் என்ற கூட்டாட்சி நாடாளுமன்றத்தைத்தான். லூசியானா மாநிலத்தையோ நியூ ஆர்லியன்ஸ் நகராட்சியையோ அது தொடவில்லை.

அரசின் அதிகாரத்தைக் குறைத்தால் தனிமனித உரிமை தானே வளரும் என்ற பேச்சுக்கு அமெரிக்க மேடைகளில் எப்போதும் கைதட்டல் உண்டு. எந்த அரசின் அதிகாரத்தை என்று கேட்டால்தான் சிக்கல். உரிமை என்பது படைத்தவன் தந்தது, எந்த அரசுக்கும் முந்தையது என்கிறது 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம். அப்படியானால் அது மன்னனிடம் செல்லுபடியாவது போலவே நகராட்சியிடமும் செல்லுபடியாக வேண்டும். தத்துவம் அவ்வளவு தூரம் போனது. சட்டம் பாதி வழியில் நின்றுவிட்டது.

1787 செப்டம்பரில், அரசமைப்பை எழுதிய பிலடெல்பியா மாநாடு முடியும் தறுவாயில், உரிமைச் சாசனம் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றார் ஜார்ஜ் மேசன். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. கடைசியில் அவர் கையெழுத்துப் போடாமலே வீடு திரும்பினார். சாசனம் வேண்டாம் என்றவர்கள் உரிமையின் எதிரிகள் அல்ல. பத்திரிகையை அடக்கும் அதிகாரத்தையே இந்த அரசுக்குக் கொடுக்கவில்லை, கொடுக்காத அதிகாரத்துக்கு எதற்குத் தடை என்று கேட்டார் அலெக்சாண்டர் ஹாமில்டன். அந்தக் கேள்விக்குள் இன்னொரு அச்சமும் இருந்தது: உரிமைகளைப் பட்டியல் போட்டால், பட்டியலில் விட்டுப்போனது உரிமையே இல்லை என்று நாளைக்கு ஒருவர் வாதாடுவார். இந்த அச்சத்தைத் தீர்க்கவே, எழுதாமல் விட்டதாலேயே ஓர் உரிமை இல்லாமல் போய்விடாது என்று ஒன்பதாவது திருத்தம் எழுதப்பட்டது. எழுதியதோடு சரி, நீதிபதிகள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை. 1987இல் உச்ச நீதிமன்றப் பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்ட ராபர்ட் போர்க், செனட் விசாரணையில் அதை ஆவணத்தின் மேல் விழுந்த மைக்கறைக்கு ஒப்பிட்டார்.

பின்னாளில் அந்தச் சாசனத்தை வரைந்த ஜேம்ஸ் மேடிசனும் முதலில் அதை நம்பியவர் அல்ல. ஆனால் அவர் பக்கத்திலிருந்தே அறிந்த ஒன்று உண்டு. 1774இல் வர்ஜீனியாவில், அவர் வீட்டுக்குப் பக்கத்துக் கவுண்டியில், உபதேசம் செய்த குற்றத்துக்காக ஐந்தாறு பேர் சிறையில் கிடந்தார்கள். அந்நாளில் உரிமம் இல்லாமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்களுக்கு அங்கே நடந்தது அதுதான். அவர்களை அடைத்தது லண்டன் அல்ல. ஊர் நீதிபதிகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும். 1789 ஜூன் 8 அன்று பிரதிநிதிகள் சபையில் அவர் திருத்தங்களை முன்வைத்தபோது இது மனதில் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால், மனசாட்சி உரிமை, பத்திரிகைச் சுதந்திரம், ஜூரி விசாரணை ஆகிய மூன்றையும் எந்த மாநிலமும் மீறக்கூடாது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். திருத்தங்கள் எல்லாவற்றிலும் இதுவே மதிப்புமிக்கது என்றும் சொன்னார். பிரதிநிதிகள் சபை ஏற்றது. செனட் வெட்டி எறிந்தது. அன்றைய செனட் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் சபை. யார் என்ன வாதாடினார்கள் என்பதற்குப் பதிவில்லை.

அந்த ஒரு வரி போனதன் விலை பெரிது. மாசசூசெட்ஸ் 1833 வரை தேவாலயத்துக்காக வரி வசூலித்தது. பல தென்மாநிலங்கள் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவதையே குற்றமாக்கின. கூட்டாட்சி அரசு சுருங்கித்தான் இருந்தது. அந்தச் சுருக்கத்தால் அடிமைக்கு ஒரு சுதந்திரமும் கிடைக்கவில்லை.

உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த பதினான்காவது திருத்தம் மாநிலங்களையும் பிடித்தது. ஆனாலும் தடையின்றி மதத்தைப் பின்பற்றும் உரிமை மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் வாய் திறக்க 1940 ஆயிற்று. திறக்க வைத்தவர்கள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். தெருவில் கிராமபோன் தட்டைப் போட்டுக் காட்டி வம்பை விலைக்கு வாங்கியவர்கள். வேடிக்கை என்னவென்றால், அதே 1940இல், ஒரு மாதத்துக்குள், அதே சபையினரின் பிள்ளைகள் பள்ளியில் கொடிவணக்கம் செய்தே ஆக வேண்டும் என்று 8க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பானது. உள்ளூர்ப் பள்ளிக் குழுவின் முடிவில் நீதிமன்றம் தலையிடலாகாது என்பது நீதிபதி ஃப்ராங்க்ஃபர்ட்டரின் வாதம். எளிமையான, அடக்கமான வாதம். தீர்ப்பைத் தொடர்ந்து பல ஊர்களில் சாட்சிகள் அடித்து விரட்டப்பட்டார்கள். மெய்ன் மாநிலத்தின் கென்னபங்கில் அவர்களுடைய கூடம் கொளுத்தப்பட்டது. 1943இல் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே திருப்பிப்போட்டது. சில உரிமைகள் வாக்கெடுப்புக்கு அப்பாற்பட்டவை என்று எழுதினார் நீதிபதி ராபர்ட் ஜாக்சன்.

அதோடு கணக்கு தீர்ந்தபாடில்லை. ஓரிகன் மாநிலத்தில் போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஸ்மித், கேலன் பிளாக் என்ற இருவர், பூர்வகுடித் திருச்சபையின் வழிபாட்டில் பெயோட்டி என்ற கள்ளியை உட்கொண்டதால் வேலை இழந்தார்கள். வேலையிழந்தோர் உதவித்தொகையும் மறுக்கப்பட்டது. எல்லாருக்கும் பொதுவான சட்டத்திலிருந்து மதத்தின் பேரால் விலக்குக் கேட்க முடியாது என்று 1990இல் எழுதினார் நீதிபதி ஸ்காலியா. காங்கிரஸ் கொதித்தது. இடதும் வலதும் சேர்ந்து 1993இல் மத சுதந்திர மீட்புச் சட்டத்தைக் கொண்டுவந்தன. செனட்டில் எதிர்த்தவர்கள் மூன்றே பேர்.

பிறகு டெக்சாஸின் போர்னி என்ற சிற்றூர். 1923இல் கட்டிய புனித பேதுரு கோயிலில் சுமார் 230 பேர்தான் உட்கார முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் இடமில்லாமல் ஆட்கள் திரும்பினார்கள். பெரிதாக்க அனுமதி கேட்டபோது, பாரம்பரியப் பகுதி என்று நகராட்சி மறுத்தது. பேராயர் ஃப்ளோரஸ் புதிய சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டார். 1997இல் தோற்றார். உரிமையை நடைமுறைப்படுத்தலாம், அதன் பொருளை மாற்ற காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்று சொல்லி, மாநிலங்கள் விஷயத்தில் அந்தச் சட்டத்தையே நீதிமன்றம் செல்லாததாக்கியது. கூட்டாட்சியின் அதிகாரத்துக்கு எல்லை போட வேண்டும் என்போருக்கு இது பெரிய வெற்றி. தோற்றது ஒரு கோயிலும் அதன் சபையும்.

இந்த வரலாற்றைப் பார்த்து, எல்லா அதிகாரத்தையும் வாஷிங்டனிடம் கொடு என்று முடிவு கட்டுவதும் அவசரம். பூர்வகுடிகளின் சூரிய நடனம் என்ற வழிபாட்டுச் சடங்கை 1883 முதல் பல்லாண்டு தடை செய்து வைத்திருந்தது கூட்டாட்சி அரசேதான். தூரத்து அரசும் ஒடுக்கும், கிட்டத்து அரசும் ஒடுக்கும். இதில் யாரை யார் தடுப்பது என்பதைத்தான் அமெரிக்கர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தன் ஆள் வெள்ளை மாளிகையில் இருந்தால் கூட்டாட்சியின் எல்லையை மறப்பதும், எதிராளி வந்ததும், கூட்டாட்சிக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கும் மக்களுக்கும் உரியது என்னும் பத்தாவது திருத்தத்தைத் தேடி எடுப்பதும் இரு கட்சிகளுக்கும் பழக்கம்.

பெயோட்டி விவகாரத்தைக் கடைசியில் தீர்த்தது நீதிமன்றமல்ல, சட்டமன்றங்கள். ஓரிகன் 1991இல் சட்டத்தைத் தளர்த்தியது. 1994இல் காங்கிரஸ் நாடு முழுவதற்கும் அந்த வழிபாட்டுக்கு விலக்கு அளித்தது. கூட்டாட்சி அரசு அங்கீகரித்த பழங்குடிகளின் உறுப்பினர்களுக்கு மட்டுமே அந்த விலக்கு. ஸ்மித் கிளாமத் பழங்குடியைச் சேர்ந்தவர். அவரோடு சேர்ந்து வழக்காடிய பிளாக் பழங்குடி அல்லர்.